ஒரு நாள் விட்டு ஒரு நாள்

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்குக் கோட்டைக்குப்பம் நண்டு ஷெட்டின் கதவில் கோர்ட் அமீனா வந்து உத்தரவை ஒட்டிவிட்டுப் போன பிறகு, உள்ளே இருந்த ஐஸ் உருகவில்லை. பாளத்தின் மூலையிலிருந்து விழப் போன சொட்டு விழாமல் தொங்கியது. கூடையில் இருந்த நண்டு ஒன்று தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை. டீ கிளாஸிலிருந்து எழுந்த ஆவி நாலு விரற்கடை உயரத்தில் அப்படியே நின்றது. நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் நெஞ்சில் கை வைத்து உட்கார்ந்திருந்த முத்துராஜும் எழுந்திருக்கவில்லை. உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்: வழக்கு முடியும் வரை சொத்திலும் அதனுள் இருப்பவற்றிலும் இப்போதைய நிலை எள்ளளவும் மாறக் கூடாது. இந்தப் பக்கத்தில் அரசாங்கக் காகிதத்துக்கு இத்தனை மரியாதை கிடைப்பது வழக்கமில்லை என்பதால் முதல் நாள் ஊர் ஆச்சரியப்பட்டது. மறுநாள் கடலில் கானாங்கெளுத்தி நிறையப் பட்டது. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

வழக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று என் முறை என்றால் அந்தத் தண்ணீர் முழுதும் என்னுடையது. விடிந்தால் உன்னுடையது. முறை மாறும் நேரத்தில் அந்தத் தண்ணீரில் என்ன கிடந்தாலும், மீனோ முள்ளோ அறுந்த வலையோ, அடுத்தவன் ஏற்றுக்கொள்ள வேண்டும். நேற்றையவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. முத்துராஜும் பொன்னுரங்கமும் கூட்டாக நண்டு வாங்கி விற்க ஷெட் போட்டபோது, தரையையும் அதே மாதிரி பிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்ததுதான் அவர்கள் செய்த தப்பு. பாதி உனக்கு பாதி எனக்கு என்று கோடு கிழிக்கவில்லை. ஒரு நாள் முத்துராஜ் முறை, மறுநாள் பொன்னுரங்கம் முறை, காலை ஆறு மணிக்கு மாற்றம். பத்திரம் எழுதவில்லை. பட்டா பொன்னுரங்கம் பேரில் இருந்தது, கரண்ட் கனெக்‌ஷனும் லைசென்சும் முத்துராஜ் பேரில் இருந்தன, இரண்டு பேரும் அதைப் பற்றி யோசிக்காமல் ஐந்து வருடம் நன்றாகவே சம்பாதித்தார்கள்.

பிறகு ஒரு கம்பெனி ஏரிக்கரை மனைகளை வாங்க வந்தது. பொன்னுரங்கம் விற்கலாம் என்றான். முத்துராஜ் முடியாது என்றான். ஊர்ப் பஞ்சாயத்து பேசிப் பேசி ஓய்ந்து, பொன்னுரங்கம் தாலுகா கோர்ட்டுக்குப் போனான். கோர்ட்டில் உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாத முத்துராஜ், தன் மனைவி அமுதவல்லிக்குப் பவர் எழுதிக்கொடுத்து, அலைய வேண்டியதை அவள் தலையில் கட்டினான். இந்த இடத்தில் யாருக்கு எவ்வளவு என்று நீதிபதி கேட்டபோது இரண்டு தரப்பும் முழுசும் என்றன. எப்படி என்றார். என்றைக்கு என்று கேட்டால் சொல்கிறோம் என்றன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று உத்தரவு போட்டார். அது கதவில் ஏறிய திங்கட்கிழமை, முத்துராஜின் முறை.

அன்று காலையிலிருந்தே அவனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. வாயு என்றான். அமுதவல்லி இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். அதற்கு அரை மணி கழித்து ஊர் கூப்பிட்டு ஓடியபோது அவன் இருந்த நிலையில் இருந்தான். உடம்பு சூடாக இருந்தது. நெற்றியில் ஏழு சொட்டு வியர்வை. முந்தானையால் துடைத்தாள், அதே ஏழு சொட்டு அதே இடங்களில் திரும்ப வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். ஆளும் அசையவில்லை, நாற்காலியும் அசையவில்லை. பழவேற்காட்டிலிருந்து டாக்டர் மார்கரெட் வந்து நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். குழாயை எடுக்காமலே சொன்னார்:

"பாதித் துடிப்புல நிக்குதும்மா. மீதிப் பாதி வந்தா, அதுக்கு அடுத்தது வருமான்னு என்னால சொல்ல முடியாது."

ஆம்புலன்ஸை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உத்தரவை ரத்து பண்ணச் சொன்னால் என்ன என்று அமுதவல்லி கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பத்தில் ஒரு பங்கு நம்பிக்கை இருக்கிறது என்றார் டாக்டர். மீதி ஒன்பது பங்கை நினைத்து அமுதவல்லி ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாள். அவளுடைய வக்கீல் பிராங்க்ளினிடம் போனாள். இதுவரை வழக்கை ஜெயிக்கச் சொல்லி வந்தவள், இனி ஜெயிக்கவும் வேண்டாம் தோற்கவும் வேண்டாம், இழுத்தால் போதும் என்றாள். தன் இருபது வருடத் தொழிலில் இவ்வளவு சுலபமான கட்சிக்காரர் வந்ததில்லை என்று பிராங்க்ளின் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அப்படியாக அமுதவல்லி வாய்தா வாங்க ஆரம்பித்தாள். பிராங்க்ளினுக்குக் காய்ச்சல், பிராங்க்ளினின் மாமாவுக்குச் சாவு, ஆவணம் தேடக் கால அவகாசம், சாட்சி ஊரில் இல்லை. 2015இல் வெள்ளம் ஊரைச் சூழ்ந்தது. ஷெட்டின் தரை மட்டும் காய்ந்தே இருந்தது, கோர்ட் மூன்று வாரம் நடக்கவில்லை. மறு வருடப் புயலில் அக்கம்பக்கத்துக் கூரைகளெல்லாம் பறந்தன. ஷெட்டின் கூரையில் உத்தரவு நாளன்று காற்றில் லேசாகத் தூக்கியிருந்த ஒரு தகடு, தூக்கிய அளவிலேயே இருந்தது. கொரோனா வந்தபோது அவள் கேட்காமலேயே கோர்ட்டை மூடிவிட்டார்கள். ஊரே அழுத அந்த வருடத்தில் அமுதவல்லி நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு அதை நினைத்து வெட்கப்பட்டாள். அதே வருடம் அவள் கணவனின் வயதைத் தாண்டினாள். அவனுக்கு நாற்பத்திரண்டு, அவளுக்கு நாற்பத்திமூன்று. உத்தரவு ஒட்டியபோது நாலாவது படித்த மகள் அர்ச்சனா ஒவ்வொரு பரீட்சை மார்க்கையும் நைனாவின் காதில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். வயதுக்கு வந்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பினாள்.

பொன்னுரங்கத்தின் சங்கதி வேறு. உத்தரவுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் தன் முறைக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. சுவரில் தினசரிக் காலண்டர் பதினெட்டாம் தேதியைக் காட்டியது. கிழிக்கப் பார்த்தவர்களுக்குத் தாள் வரவில்லை. உள்ளே இருப்பவன் வெளியே வராமல் அவன் முறை முடியாது, முறை முடியாத இடத்தில் அடுத்தவன் கால் வைக்கக் கூடாது. பொன்னுரங்கம் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று பார்த்துவிட்டுப் போனான். அதற்கு மறுநாள் வரவில்லை, அது அவன் நாள் இல்லை. அதற்கும் மறுநாள் வந்தான். இப்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள், மழையானாலும், அவன் மகன் கல்யாணத்தன்று கூட, காலை ஆறு மணிக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனான். வழக்குப் போட்டவன் என்று அமுதவல்லி அவன் முகத்தில் விழிக்கவில்லை. இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஏரியைப் பார்ப்பார், ஒருவர் கடலைப் பார்ப்பார். இந்த ஊரில் அது ஒரு வசதி.

2025இல் புதிய நீதிபதி வந்தார். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வழக்குகளை முடித்தே தீருவேன் என்றார். இடத்தைப் பார்த்து வர சரண்யா என்ற இளம் வக்கீலை கமிஷனராக அனுப்பினார். அவர் நாடா பிடித்து அளந்து, கூடைகளை எண்ணி, டீ கிளாஸைத் தொட்டுப் பார்த்து, 'தேநீர் சூடாக உள்ளது' என்று அறிக்கையில் எழுதினார். 'பிரதிவாதி அமர்ந்துள்ளார்' என்றும் எழுதினார். நீதிபதி படித்துவிட்டு, இனி வாய்தா கிடையாது, அடுத்த மாதம் தீர்ப்பு என்றார். பட்டா எதிர்த்தரப்பின் பேரில் இருக்கிறது, தீர்ப்பு நமக்கு வராது, வந்தாலும் உத்தரவு அன்றோடு செத்துப்போகும் என்று பிராங்க்ளின் மெதுவாகச் சொன்னார். அமுதவல்லி கோர்ட் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். பதினோரு வருடம் அவள் அப்படி அழுததில்லை, அழ நேரமில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பொன்னுரங்கம் வீட்டுக்குப் போனாள்.

அவன் பழைய வலையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுதும் நரைத்திருந்தது. அவள் வந்து நின்றதும் எழுந்து தோளில் துண்டைப் போட்டான்.

"அண்ணா, மேல்கோர்ட்டுக்குப் போறதுக்கு நீங்க தடை சொல்லாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்குறேன்," என்றாள்.

பொன்னுரங்கம் மறுபடி உட்கார்ந்தான். வலையில் ஒரு கண்ணை விரலால் அகட்டிப் பார்த்தான்.

"அமீனாவுக்குக் கோந்து டப்பாவைப் புடிச்சுக்கினு நின்னது நான்தாம்மா," என்றான். "முத்துராஜு நெஞ்சப் புடிச்சத கதவாண்டயிருந்து பாத்தேன். ஆக்டு குடுக்குறான்னு நெனைச்சேன். ஒட்டுய்யான்னு சொன்னேன்."

அமுதவல்லிக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடித்திருப்பாள். அதற்குள் அவன் சொன்னான்:

"மேல்கோர்ட்டு இன்னாத்துக்கு? ராஜின்னு, சமாதானமாப் போறோம்னு எழுதச் சொல்லு. ஒரு நாள் அவுனுது, ஒரு நாள் என்னுது. உள்ள இருக்குறது எல்லாத்தியும் சேத்து எழுதச் சொல்லு. ஒண்ணு உடாம."

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே புரிந்தது. முறை மாறும்போது கிடப்பதை அடுத்தவன் ஏற்க வேண்டும் என்ற பாடு முறை தெரிந்த யாருக்கும் புரியும். புரிந்ததும் முதலில் சந்தோஷம் வந்தது, அதன் பின்னாலேயே பயம் வந்தது. அண்ணி ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். பொன்னுரங்கத்தின் மனைவி கோமளா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவள், மீன் கழுவிய கையோடு வெளியே வந்தாள்.

"பதினோரு வருசமா இந்த மனுசன் ஊட்ல இருந்தும் இல்ல. பாதி நாளாச்சும் முழுசா இருக்கட்டும்," என்றாள்.

சனிக்கிழமை மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பதிவானது. பிராங்க்ளின் எழுதிய மனுவில், 'ஷெட்டும் அதனுள் உள்ள சகலமும் உள்ளது உள்ளபடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள், வழக்கப்படி' என்று இருந்தது. சகலமும் என்றால் என்ன என்று நீதிபதி கேட்டார். சகலமும்தான் என்றான் பொன்னுரங்கம். பவர் ஏஜெண்டாக அமுதவல்லி கையெழுத்துப் போட்டாள். பேரில் 'வல்லி' கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வேறொரு அமீனா வந்தார். பழையவர் ஓய்வு பெற்று, செத்தும் போயிருந்தார். ஆம்புலன்ஸ் நின்றது, டாக்டர் மார்கரெட் நின்றார், ஊரில் பாதி நின்றது. வெயிலில் வெளுத்த காகிதத்தைத் தண்ணீர் தொட்டு உரித்தார்கள். உள்ளே ஐஸ் சொட்டு விழுந்த சத்தம் வாசல் வரை கேட்டது. தூக்கியிருந்த தகடு படாரென்று அமர்ந்தது. நண்டுகள் கூடைக்குள் கரகரவென்று ஊர ஆரம்பித்தன. பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு, பதினோரு வருடமாகத் தாண்டாத வாசற்படியைத் தாண்டினான். முத்துராஜின் கையைப் பிடித்து எழுப்பினான். டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். பிறகு சூடு ஆறாத அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்து, நின்றுபோனான். அவன் நெற்றியில் ஏழு சொட்டு வியர்வை வந்தது.

முத்துராஜ் வெளியே வந்து வெளிச்சத்தில் கண் கூச நின்றான். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். துடிப்பு சீராக, கல்லுப்போல் இருந்தது. எதிரே நின்றவளை அவனுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இன்னாமே, தலையெல்லாம் நரைச்சுப் பூட்ச்சு?"

"வாய்தா வாங்கி வாங்கி நரைச்சுப் பூட்ச்சு," என்றாள் அமுதவல்லி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"என் டீ எங்க?"

"அது இன்னிக்கு அவரு டீ."

பக்கத்தில் புடவை கட்டிக்கொண்டு நின்ற பெண் யார் என்று கேட்டான். நைனா என்று அவள் கூப்பிட்ட பிறகு, மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனே எழுந்து ஷெட்டுக்குப் போனான். யாரும் சொல்லவில்லை, முறை என்பது அப்படித்தான். பொன்னுரங்கத்தைக் கைபிடித்து எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். பொன்னுரங்கம் வீட்டுக்குப் போய்க் கோமளாவிடம் சோறு கேட்டான். ஐஸும் நண்டும் சரக்கு, விற்றுத் தீர்ந்துவிடும். துடிப்பு சரக்கு இல்லை. அது சுவரையும் தரையையும் போல ஷெட்டோடு சேர்ந்தது என்று ஊர் தீர்மானித்தது. வாசலில் மாற்றிக்கொள்ளும் அந்த ஒரு நிமிடம்தான் பங்காளிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது. காற்று எப்படி, நண்டு எப்படி என்று கேட்டுக்கொள்வார்கள். வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

சுற்றிலும் வாங்கிய கம்பெனி மதில் எழுப்பிவிட்டது. ஷெட்டுக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். முறைக்காரன் நாற்காலியில் இருக்க, மற்றவன் வெளியே தராசு பிடிக்கிறான். நண்டு வாங்க வரும் வியாபாரிகளுக்கு இது பழகிவிட்டது. அர்ச்சனாவின் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு, முத்துராஜ் வெளியே இருக்கும் நாளா என்றும் பார்த்துத் தேதி வைத்திருக்கிறார்கள். கணவனுக்கு இனி பாதி வேகத்தில்தான் வயதாகும், தனக்கு முழு வேகத்தில் ஆகும் என்பது அமுதவல்லிக்குத் தெரியும். அது அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவள் வீட்டில் கூடுதலாக ஒரு தட்டு வைக்கிறாள். மற்ற நாட்களில் ஷெட்டுக்குப் போய் முந்தானையால் அந்த ஏழு சொட்டையும் துடைக்கிறாள். அவள் துடைக்காத நாளில் கோமளா துடைக்கிறாள். டாக்டர் மார்கரெட் மாதம் ஒரு முறை வந்து, நாற்காலியில் இருப்பவரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கிறார். பாதித் துடிப்பு அங்கேயேதான் இருக்கிறது. அன்றைக்கு அது யாருடையது என்பதை மட்டும் காலண்டரைப் பார்த்துச் சீட்டில் எழுதிக்கொள்கிறார்.