ஆஷா உடைகிற இடம்

மகன் மேல் முத்தம்மாவுக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. பெசன்ட் நகரில் அவளிடம் மீன் வாங்க வருகிற அடுக்குமாடிக்காரர்கள் எல்லாரும் அவள் பிள்ளை பிரசாத் வேலை பார்க்கிற தீம் பார்க்குக்குப் போய்விட்டு வந்துவிட்டார்கள். "உன் பையன்தான் அந்த புது ரைட ஓட்டுறானாமே, சூப்பர்மா! கண்ணுல பெட்டிய மாட்டிவிட்டு வானத்துல பறக்க வெச்சிட்டான்" என்று சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் குப்பத்தில் ஒருத்தருக்கும் அவன் பாஸ் கொடுத்ததில்லை. பெற்ற தாய்க்கும் இல்லை. கேட்டால் இன்னிக்கு நாளைக்கு என்று இழுப்பான். வயிறு எரியுமா எரியாதா?

"பேன்ட்டு போட்டு ஏசில நிக்கிறான்ல, மீன்காரி பிள்ளைன்னு தெரிஞ்சா துரைக்கு கௌரவம் கொறைஞ்சுபூடும்" என்று புருஷன் லூர்துசாமியிடம் பொருமினாள்.

அவர் வலையைப் பிரித்துக்கொண்டே, "வுடு. கடல்ல ஆடுறது பத்தலன்னு காசு குடுத்து வேற ஆடணுமா?" என்றார். அவரிடம் போய்ச் சொன்னாளே, அவளைச் சொல்லவேண்டும்.

பாஸ் என்ன பெரிய பாஸ்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முத்தம்மா பட்டுப்புடவையை மாற்றாமல் அப்படியே பஸ் ஏறினாள். கையை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கழுவும்போதே அதற்கும் சேர்த்து மகன் மேல் ஒரு கோபம் வந்தது. திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கி, சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து, 'பேரலை' என்று போர்டு போட்டிருந்த அந்த ரைடின் வரிசையில் போய் நின்றாள்.

அவளைப் பார்த்ததும் பிரசாத் வரிசையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அம்மா, இங்க இன்னா பண்ற நீ? இது வேணாம்மா. உனக்கு பிரஷர் கீது. அந்த ராட்டினத்துல ஏறு, நான் சொல்லிவுடுறேன்."

"யாருக்குடா பிரஷர்? விடியகாலம் கூடைய தூக்கிக்கினு போறப்ப வராத பிரஷரு இங்க வந்துடுமா? எங்க அம்மா மேல மீன் கவுச்சி அடிக்குது, ஆளுங்க முன்னாடி வெக்கமா கீதுன்னு சொல்லு, போயிடுறேன்!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரசாத் அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அதற்குள் முத்தம்மா புடவையைச் செருகிக்கொண்டு முதல் வரிசை இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் அவன்தான் வந்து பெல்ட்டை மாட்டினான். கண்ணில் பெட்டியை வைப்பதற்கு முன் காதோரம் குனிந்து, "தண்ணி வர்றப்ப கண்ண மூடிக்கம்மா. உன்ன கெஞ்சி கேக்குறேன்" என்றான்.

"அலைக்கு பயந்தவளாடா நான்? போடா!"

வண்டி நின்ற இடத்திலேயேதான் குலுங்கியது. ஆனால் பெட்டிக்குள் அவள் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கோபுரத்துக்கு மேல் இருந்தாள். அடிவயிற்றில் கிச்சுகிச்சு மூட்டியதுபோல இருந்தது. படத்தில் தெரிந்த தண்டவாளம் மணலை நோக்கி இறங்க, அவளுடைய கடற்கரை, அவளுடைய குப்பம், கரையில் வரிசையாகப் படகுகள். நடுவில் நீலமும் மஞ்சளுமாக ஒன்று, முகப்பில் கதம்ப மாலை, வெள்ளைப் பெயின்ட்டில் 'ஆஷா'.

"ஐயோ, தோ பாரு! நம்ம ஆஷா!" என்று கத்திவிட்டாள். கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. இதைக் காட்டத்தான் இத்தனை நாள் மறைத்தானா, கள்ளன்!

ஆஷா அவளுடைய மூத்த பெண். சுனாமி அன்று முத்தம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை பிரசாத் இருந்தான், கைப்பிடியில் ஆஷா இருந்தாள். தண்ணீர் போனபிறகு இடுப்பில் இருந்தது இருந்தது, கையில் இருந்தது இல்லை. பின்னால் நிவாரணத்தில் புதுப் படகு வந்தபோது லூர்துசாமி யாரையும் கேட்காமல் மகள் பெயரை எழுதினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதைப் படகு என்று சொன்னதில்லை. "ஆஷா கெளம்பிட்டாளா?", "ஆஷா கரை ஏறிட்டா", "ஆஷா இன்னிக்கு வஞ்சிரமா கொண்டாந்துட்டா" என்றுதான் பேச்சு. கவிழ்வது, உடைவது என்ற வார்த்தைகளை அவளை வைத்து விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். போன வருஷம் பிரசாத்தின் கம்பெனிக்காரர்கள் கேமராவோடு கரைக்கு வந்து கேட்டபோது, ஏதோ நல்லதுக்குத்தான் என்று லூர்துசாமி அவளைக் கழுவி மாலை போட்டு நிறுத்திக் கொடுத்தார். பெண்ணுக்கு ஜடை பின்னி போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகிற அப்பனைப்போல.

பெட்டிக்குள் கடல் உள்வாங்கியது. அபாயச் சங்கு ஊதியது. முத்தம்மாவின் கால்கள் தானாகச் சுருண்டன. அடிவானத்தில் ஒரு கறுப்புச் சுவர் எழுந்து வந்தது. கண்ணை மூடவேண்டும் என்று தோன்றவில்லை, கைப்பிடியில் குழந்தை இருப்பதுபோல விரல்களைத்தான் இறுக்கி மூடினாள். சுவர் படகுகளை அள்ளி எறிந்தது. மாலை போட்ட படகு சுழன்று சுழன்று நேராக அவள் முகத்துக்கு வந்தது. 'ஆஷா' என்ற எழுத்து பெரிதாகி, பெரிதாகி, நடுவில் பிளந்து தூள் தூளாகச் சிதறியது. சுற்றிலும் இருந்தவர்கள் ஹோவென்று கூவிக் கைதட்டினார்கள். முத்தம்மா போட்ட கத்தல் அந்தக் கூச்சலோடு கூச்சலாகப் போயிற்று.

பெட்டியைக் கழற்றியதும் எதிரே டிவியில் அவள் முகம் தெரிந்தது. வாய் பிளந்து, கண் பிதுங்கி. போட்டோ விற்கிற பெண் ஓடிவந்து, "ஆன்ட்டி, இன்னிக்கு உங்க எக்ஸ்பிரஷன்தான் பெஸ்ட்டு! பிரின்ட் போடட்டுமா?" என்றாள்.

போடுவாள், போடுவாள். செத்தவீட்டில் ஒப்பாரி வைப்பவளையும் நிறுத்திப் படம் பிடித்து விற்பார்கள் போலிருக்கிறது!

முத்தம்மா அந்தப் பெண்ணை விலக்கினாள். மகனைத்தான் பார்த்தாள்.

"உனக்கு தெரியும்."

"அம்மா..."

"தெரியும்டா உனக்கு! அதான் குப்பத்துல ஒருத்தருக்கும் பாஸ் இல்ல. நான்கூட மீன் கவுச்சின்னு நெனச்சேன். அப்பிடி இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமேடா! இத்த எவன்டா ஓட்டுறது?"

பிரசாத் தலையைக் குனிந்தான். "நான்தான்மா."

"ஒரு நாளிக்கு எத்தினி வாட்டி அமுக்குற அந்த பட்டன? எத்தினி வாட்டிடா உங்க அக்காவ ஒடைக்கிற?"

"நான் பாக்குறதில்லம்மா. அந்த எடம் வர்றப்ப என் எதுருல கீற டிவிய அணைச்சிடுவேன். மாதா சத்தியமா ஒரு தபா கூட பாத்ததில்ல."

"நீ அணைச்சிட்டா ஆச்சா? ஊரே கைதட்டுதேடா!"

அவனை அறைய ஓங்கிய கை பாதியில் நின்றது. இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்து பிழைத்த பிள்ளை. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போய் அதே முதல் வரிசை இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைத் தானே மாட்டிக்கொண்டாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ஓட்டுடா பாக்கலாம்."

வரிசை முணுமுணுத்தது. "எவ்ளோ நேரம் நிக்கிறது, எழுந்து வழி விடும்மா" என்று யாரோ ஒரு அம்மாள் அதட்டினாள். "நீ வேற ராட்டினத்துக்கு போ தாயீ, இங்க எங்க வூட்டு விஷயம் நடக்குது" என்று முத்தம்மா திருப்பிக் கொடுத்தாள்.

மேனேஜர் செந்தில்குமார் வேகவேகமாக வந்தார். விஷயத்தைக் கேட்டார். குரலில் சர்க்கரை தடவிக்கொண்டார்.

"அம்மா, இது வெறும் கிராஃபிக்ஸ். உங்க படகு பத்திரமா உங்க கரையில இருக்கு. யாரும் ஒண்ணும் பண்ணல. உங்களுக்கு வருஷம் பூரா ஃப்ரீ பாஸ் தரச் சொல்றேன், குடும்பத்தோட வாங்க."

"குடும்பத்தோட வந்து பாக்கணுமா? எம் பொண்ணு ஒடையிறத அவ அப்பனும் வந்து பாக்கணுமா?"

"பொண்ணா? அது படகு மேல ஒரு பேருதானேம்மா. ஆஷான்னு ஊர்ல ஆயிரம் பேர் இருப்பாங்க."

அப்போதுதான் பிரசாத் வாயைத் திறந்தான். "சார், எங்க அக்கா பேரு சார் அது. சுனாமில போனவ. மொத வாரமே உங்க கிட்ட சொன்னேன். ஜனங்களுக்கு இந்த மாதிரி டீடெய்ல்தான்டா புடிக்கும், வாய மூடிக்கிட்டு வேலைய பாருன்னு சொன்னீங்க."

அதட்டிய அம்மாள் தன் குழந்தையை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அதைப் பார்த்ததும் செந்தில்குமாருக்கு நெற்றியில் வேர்த்தது. அவர் பிரசாத்தை முறைத்துவிட்டு, தி.நகரில் இருக்கிற கிராஃபிக்ஸ் ஆபீசுக்கு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போன் போட்டார். அலையை எடுக்கமுடியுமா என்று கேட்கவில்லை. படகின் பெயரை எடுக்கமுடியுமா என்றுதான் கேட்டார்.

"மாத்திடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றது போன். "ஆனா பேரே இல்லாம விட்டா மொட்டையா இருக்கும். வேற ஏதாவது பேரு சொல்லுங்க, போட்டுடுறேன்."

செந்தில்குமாருக்கு மூச்சு வந்தது. முத்தம்மா பக்கம் குனிந்தார். "பாத்தீங்களா, முடிஞ்சுபோச்சு. நீங்களே சொல்லுங்கம்மா, ஏதாவது ஒரு பேரு. அதையே போட்டுடலாம்."

முத்தம்மா கம்பியை விடாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கு பொண்ணு கீதா சார்?"

"இருக்காம்மா. ஏன்?"

"பேர் இன்னா?"

செந்தில்குமார் சொல்ல வாயெடுத்தார்.

"அத்தயே எழுதச் சொல்லு" என்றாள் முத்தம்மா.

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "பேர சொல்லுங்க சார், அடிச்சிடுறேன்."

செந்தில்குமார் சொல்லவில்லை.