உயர்த்திய கை

சட்டசபைக் குழுவின் முன் பேச வெர்னாவுக்கு முன்னால் இன்னும் ஒரே ஒருவர்தான் இருந்தார். பன்றி இறைச்சி ஆலையில் இருபது வருஷம் கத்தி பிடித்தவள் அவள். தோள் தேய்ந்து கிழிந்து, வலது கை இடுப்புக்கு மேல் வர மல்லுக்கு நிற்கிறது. அறுவை சிகிச்சைக்கு ஆலையின் காப்பீடுதான் பணம் தர வேண்டும். தருவார்களா? நடிக்கிறாள் என்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் புது மசோதா வேறு. திடீரென்று அடிபட்டால்தான் இழப்பீடாம், வேலை செய்து செய்தே தேய்ந்த உடம்புக்குக் கிடையாதாம். வேலை போனவர்களுக்குத் தரும் உதவித்தொகையிலும் பாதியை வெட்டுவார்களாம். அதை எதிர்த்துப் பேசத்தான் வந்திருக்கிறாள். இதை எழுதிய மகராசன் ஒரே ஒரு நாள் அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு வரிசை தள்ளி ஆலையின் மேற்பார்வையாளன் ஹோலப் கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். எதற்கு வந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். கூட வேலை பார்த்து முதுகு போன ரேமண்ட் மளிகைப் பையைத் தூக்கியதைப் படம்பிடித்துக் காட்டித்தான் அவனுக்கு இழப்பீடு இல்லை என்றார்கள். இவள் கை ஒரு தரம் மேலே போனால் போதும், இவள் கதையும் முடிந்தது. அதனால்தான் கணவன் லைல் காரில் வழியெல்லாம் கெஞ்சினான், சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று. அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றாள். குழுத் தலைவர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "சத்தியம் எடுக்கணும். வலது கையை உயர்த்துங்கம்மா" என்றார்.

பள்ளிக்கூட நாளிலிருந்து சொன்னபடி கேட்டே பழகிய உடம்பு. யோசிப்பதற்குள் கை விசுக்கென்று தலைக்கு மேலே போய்விட்டது. உயிர் போகிற வலி. உண்மையே பேசுவேன் என்று எப்படியோ சொல்லி முடித்தாள். பாழாய்ப்போன கை! ஹோலப் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தான். சிரித்துக்கொண்டே படம்பிடித்தான்.

"போதும்மா, இறக்குங்க."

இறங்கவில்லை. தோளுக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. அசைத்தால் கண் இருட்டியது. தலைவர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"இறக்குங்கம்மா, ரெண்டு நிமிஷம்தான் உங்களுக்கு."

"முடியலங்கய்யா. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

லைல் ஓடி வந்து அவள் முழங்கையை இரண்டு கையாலும் தாங்கினான். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்தாள், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. ஹோலப் வந்த வேலை முடிந்தது என்று கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போடப் போனான். அதைப் பார்த்ததும் அதுவரை அவளைப் பிடித்து ஆட்டிய பயம் போன இடம் தெரியவில்லை. ஆத்திரம்தான் மிஞ்சியது.

"எங்கடா ஹோலப் அவசரம்? தூக்குனதை எடுத்தேல்ல, இறக்குறதையும் எடு."