ஈறு பார்த்தவர்கள்

பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடத்தில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் புகுந்துவிடாமல் ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் குழுவில் ஜந்தீராவையும் போட்டிருந்தார்கள். சமூகவியல் ஆசிரியை. பிறந்தது வடக்கே பஹியா மாநிலத்தில். அங்கே தெருவே அவளை ‘வெள்ளச்சி’ என்று கூப்பிடும். தெற்கே போர்த்து அலெக்ரி நகருக்கு வந்த முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரி, “பாத்திரம் தேய்க்க வந்தவளா?” என்று கேட்டாள். அதே தோல்தான்.

அன்று வந்த பெண் சுவெலன். மருத்துவப் படிப்புக்கு. வெளிர் பழுப்பு நிறம், சுருட்டை முடி.

“எங்க ஊர்ல என்னைக் கறுப்பின்னுதான் சார் கூப்பிடுவாங்க.”

“ஊர் கூப்பிடறத விடு. இது வெயில்ல வந்த நிறமா, பிறவியான்னு பாக்கணும்,” என்றார் தோல் மருத்துவர் எவால்டோ.

“அதுவும் வேணாம் டாக்டர். பாத்தா என்னவாத் தெரியுதோ அதுதான் சட்டம்,” என்றாள் சட்டப் பேராசிரியை லியோனோர்.

“கடைக்குப் போனா காவலாளி இவ பின்னாலயே வர்றானா? அதக் கேளுங்க,” என்றாள் ஜந்தீரா.

யாரும் கேட்கவில்லை. எவால்டோ டார்ச்சை எடுத்தார். “உதட்டத் தூக்கும்மா. ஈறு பாக்கணும். அங்க வெயில் படாது.”

சுவெலன் இரண்டு விரலால் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்தாள். எச்சில் முகவாயில் வழிந்தது. அவர் நிதானமாக வெளிச்சம் அடித்தார். ஜந்தீரா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“சந்தையில மாடா பிடிக்கிறீங்க?”

“அட, கோவிச்சுக்காதீங்க மேடம்.” எவால்டோ சிரித்தபடியே ஜந்தீராவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சுவெலனின் கையோடு சேர்த்து வைத்தார். “பாருங்க லியோனோர், இம்மிதான் வித்தியாசம். இவங்க வெள்ளைன்னா அவளும் வெள்ளைதான்.”

“ஜந்தீரா வெள்ளையா என்ன?” லியோனோர் நிஜமாகவே யோசித்தாள். மீன் கடையில் குனிவதுபோல் இருவரும் அந்தக் கைகள்மேல் குனிந்தார்கள். அவர் விரல் பிசுபிசுத்தது.

ஜந்தீரா கையை வெடுக்கென்று உருவினாள். “இந்தப் பொண்ணுக்கு இடம் குடுக்கணும். அவ்வளவுதான்.”

லியோனோரும் கொஞ்சம் தயங்கி, சரி என்றாள். மூவரில் இருவர்; இடம் கிடைத்தது.

வெளியே, படிக்கட்டில் நின்று சுவெலன் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கிடைச்சிருச்சும்மா,” என்றாள் ஜந்தீரா.

“கேட்டுச்சு.” சுவெலன் திரும்பவில்லை. “அந்தாளு வாயத் தொறக்கச் சொன்னப்ப நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

ஜந்தீரா கழிவறைக்குப் போய் மணிக்கட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். பிசுபிசுப்பு போன பிறகும் தேய்த்தாள்.

நடையில் எவால்டோ காப்பிக்குக் கூப்பிட்டார்.

“இனி இந்தக் குழுவுல நான் இல்ல,” என்றாள்.

“ஏன் மேடம்? நியாயந்தானே நடந்துச்சு?” என்றார் அவர், வாய் நிறைய பிஸ்கட்டோடு.