ஞானாபரணத்தின் பேஸ்

ஹெப்சிபா பேஸ் கிட்டாரின் தலைப்பக்கத்தைக் கண்ணருகே வைத்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, அதன் கழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அப்பா கிடந்தார்.

"ஏ பிள்ளே, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" அப்பாவின் தங்கை தங்கபாய் அடுக்களை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எங்கண்ணன் அங்ஙன கெடக்கு. பேட்டை முச்சூடும் வந்து முற்றத்துல நிக்குது. நீ இஞ்ச இருந்து ஸ்க்ரூ திருப்புகியா!"

"நாலு மணிக்கு வேணும் மாமி."

"என்னத்துக்கு? கானமேளைக் கச்சேரிக்கா?"

ஹெப்சிபா மறுபடியும் ஒரு கண்ணை இடுக்கினாள். பதில் சொன்னால் சண்டை வரும். சண்டை போட இன்றைக்கு நேரம் கிடையாது.

ஞானாபரணம் சர்க்கார் பிரஸ்ஸில் அச்சுக் கோத்தவர். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் கஷ்டம் கொடுக்கவில்லை என்று வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். அது என்ன ஆறுதலோ! கஷ்டம் கொடுத்திருந்தாலாவது பக்கத்தில் இருந்து பார்த்திருக்கலாம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பிரஸ்ஸைத் தவிர அவருக்கு இருந்தது சர்ச் பாடகர் குழு ஒன்றுதான். அதில் அவர் பேஸ், நாலு குரலில் அடியில் கிடக்கும் தடித்த குரல். பேஸ் பாட யாருக்கும் ஆசை வராது. மேல்குரலில் டெனர் பாடுகிறவனைக் கல்யாண வீட்டில் நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பேஸ் பாடுகிறவனை அவன் பெண்டாட்டிகூடக் கவனிக்கமாட்டாள். அவரோடு பாடிக்கொண்டிருந்த இன்னொருத்தர், மகன் வீட்டோடு திருநெல்வேலிக்குப் போன பிறகு, பேஸ் பெஞ்சில் ஞானாபரணம் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

அடக்க ஆராதனைக்கென்று அந்தச் சபையில் ஒரு பாட்டு உண்டு. யார் செத்தாலும் அதைப் பாடித்தான் அனுப்புவார்கள். கடைசி வரியில் மற்ற மூன்று குரலும் நின்றுவிடும். பேஸ் மட்டும் படிப்படியாகக் கீழே இறங்கி, தாழ்ந்த எஃப் சுரத்தில் போய் நிற்கும். அது நிற்க நிற்க மற்றவர்கள் ஆமென் பாடவேண்டும். ஊரில் எத்தனையோ பேரை ஞானாபரணம் அந்த எஃப்பில்தான் வழியனுப்பி வைத்தார்.

பாடகர் குழுத் தலைவர் அருமைநாயகம் காலையிலேயே வந்து, கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பாட்டை இன்னைக்கு விட்டுரலாம் மோளே. பேஸ் இல்லாம அது நிக்காது. வேற ஒண்ணு பாடலாம்."

ஹெப்சிபாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் பாடினவருக்கு அந்தப் பாட்டு கிடையாதா? வேறு பாட்டைப் பாடி, அது நன்றாகவும் அமைந்துவிட்டால், அப்பா இல்லாமலே எல்லாம் நடக்கும் என்று ஆகிவிடும். இத்தனை வருஷம் அவர் தொண்டை நோகப் பாடியது பின்னே எதற்கு?

"பேஸ் நான் வாசிக்கேன், மாஸ்டரே."

"எதுல? அந்தக் கரண்டு கிட்டார்லயா? லெந்து நோன்பு நாளு மோளே இது! சர்ச் கமிட்டிக்காரங்க என்னைக் கொன்னு போடுவாங்க."

"கமிட்டிக்காரங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் அப்பாதானே பாடினாங்க?"

அருமைநாயகம் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார். "செரி, வாசிச்சுக் காட்டு," என்றார்.

அவள் பெட்டியிலிருந்து கிட்டாரை எடுத்துச் சுருதி சேர்த்து, சின்ன ஆம்பிளிஃபயரில் மாட்டினாள். இளைஞர் ஐக்கியத்திலும் இரண்டு கானமேளைக் குழுக்களிலும் வாசித்துத் தேறிய கை. கை சரியாகத்தான் இறங்கியது. எஃப்பில் வந்து நின்றதும் கிட்டார் 'ஜ்ர்ர்ர்' என்றது.

"ஈ மொய்க்குது," என்றார் அருமைநாயகம். அவர் கண்கள் சிவந்திருந்தன. "என் சிநேகிதன் பெட்டிப் பக்கத்துல ஈ வேண்டாம் மோளே. சாப்பாட்டு நேரம் கழிஞ்சு வருவேன். ஈ போச்சுன்னா நீ வாசி, கமிட்டியை நான் பாத்துக்கிடுகேன். போகல்லன்னா வேற பாட்டு. அவ்வளவுதான்."

அப்போது பிடித்ததுதான் அந்த ஸ்க்ரூ டிரைவர்.

முதலில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். தந்திகளைத் தாங்கும் அடிப்பக்கத்துக் கட்டையை உயர்த்தினாள். தந்தி மேலே போனால் கழுத்தில் பதித்த ஃபிரெட் கம்பிகளில் உரசாது என்பது கணக்கு. உயர்த்தி வாசித்தாள். ஜ்ர்ர்ர். இன்னும் உயர்த்தினாள். அழுத்த விரல் வலித்ததே ஒழிய, எஃப் விழும் முதல் ஃபிரெட்டில் ஈ அப்படியே இருந்தது. மேலே உள்ள ஃபிரெட்டுகளில் சத்தம் சுத்தமாக இருக்கிறது, கழுத்தின் முனையில் மட்டும் ஏன் இந்தச் சனியன்?

தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து நடுவில் பார்த்தாள். நடுவில் ஒரு தபால் கார்டு நுழைகிற அளவாவது இடைவெளி இருக்கவேண்டும். தந்தி ஃபிரெட்டின்மேல் படுத்துக் கிடந்தது. கழுத்து பின்பக்கமாக வளைந்திருந்தது.

ஏன் வளைந்தது என்று யோசித்தபோது, அவளுக்கு அப்பாவின் மேலேயே கோபம் வந்தது. லெந்து தொடங்கினால் கரண்டு கிட்டாரின் தந்திகளைத் தளர்த்திப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும், உயிர்த்த ஞாயிறு வரை தொடக்கூடாது என்பது ஞானாபரணம் வீட்டில் போட்ட சட்டம். அவளும் சாம்பல் புதனன்று பதவிசாகத் தளர்த்தி வைத்தாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கத் தந்தியில் முறுக்கு இல்லை. போதாக்குறைக்கு அந்த வருஷம் மழை பொய்த்து மரமெல்லாம் காய்ந்து கிடந்தது. பெட்டிக்குள் கிடந்து கிட்டாரும் விறைத்துவிட்டது.

"ஒங்க சட்டத்துனால ஒங்க பாட்டே போகப் போகுதுப்பா," என்று அவள் முணுமுணுத்தாள்.

வழி ஒன்றுதான். தலைப்பக்கத்துக் குழியில் இருக்கும் திருகாணியை அலன் கீ என்கிற ஆறுமுனைச் சாவி போட்டுத் தளர்த்தி, உள்கம்பியின் பிடியை விடவேண்டும். கீயைப் போட்டுத் திருப்பினாள். நகரவில்லை. கடற்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது. பலமாகத் திருப்பி அது உள்ளே முறிந்தால் கிட்டாரும் போச்சு, பாட்டும் போச்சு.

அவள் கீயைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை, கிட்டார்மேல் கவிழ்ந்துகொண்டு அழுதாள்.

தங்கபாய் மாமி ஓடி வந்தாள். "மதி மக்கா, போதும். அந்தச் சவத்துக் கிட்டாரை அங்ஙன வச்சிரு. அப்பன் பக்கத்துல வந்து இரி. ஆளுக என்ன பறையும்?"

முன்னறையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. அம்மா ராஜபாய் எழுந்து வந்தாள். விடிந்ததிலிருந்து இடத்தைவிட்டு எழாமல், ஒரு வாய் காப்பி குடிக்காமல் இருந்தவள். இந்தக் கிட்டாரை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று புருஷனோடு மல்லுக்கட்டியவள். அவள் நேரே தையல் மிஷினிடம் போனாள். இழுப்பறையைத் திறந்து, நீள மூக்குள்ள எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து மகள் கையில் வைத்தாள்.

"அம்மா..."

ராஜபாய் கீழே உட்கார்ந்து கிட்டாரின் உடலை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

எண்ணெய் இறங்கக் காத்திருந்தார்கள். முற்றத்தில் யாரோ பந்தல் கயிற்றை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. ஹெப்சிபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கீயைப் போட்டாள். மூச்சைப் பிடித்துத் திருப்பினாள்.

'டக்.'

"முறிஞ்சு போச்சா?" என்றாள் மாமி, நெஞ்சில் கை வைத்து.

"இளகிச்சு மாமி! இளகிச்சு!"

கால் திருப்பு தளர்த்தினாள். சுருதி சேர்த்து, இடைவெளி பார்த்தாள். இன்னும் கொஞ்சம். மறுபடி சுருதி சேர்த்தாள். இந்தத் தடவை தபால் கார்டு நடுவில் வழுக்கி நுழைந்தது. தூக்கி வைத்த அடிக்கட்டையைப் பழையபடி இறக்கினாள். பிறகு முதல் ஃபிரெட்டில் விரலை வைத்துத் தடித்த தந்தியைத் தட்டினாள்.

எஃப் வந்தது. ஈயும் இல்லை கொசுவும் இல்லை. உருண்டு திரண்டு வந்து, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. ஹெப்சிபா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரித்ததற்கு ஒருவரும் அவளைத் திட்டவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அருமைநாயகம் அதைக் கேட்டார். உள்ளே வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆம்பிளிஃபயரைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

சர்ச் வாசலில் கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். "மாஸ்டரே, இது என்ன சாதனம்?"

"ஞானாபரணத்தின்ற பேஸ் பார்ட்டு," என்று சொல்லிவிட்டு, அருமைநாயகம் நிற்காமல் உள்ளே போனார்.

பேஸ் பெஞ்சில் ஹெப்சிபா தனியாக உட்கார்ந்தாள். மூடிய சவப்பெட்டி பீடத்துப் படிக்கட்டுக்குக் கீழே, ஆம்பிளிஃபயருக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தது. பெட்டியை ஒட்டிய முதல் பெஞ்சில் அம்மா, பக்கத்தில் மாமி. பாட்டு எழும்பியது. மற்ற மூன்று குரலுக்கும் அடியில் அவள் அப்பா நடந்த வழியிலேயே நடந்து போனாள். எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே தந்தியை நிறுத்தினாள். பின்பெஞ்சுகளில் தலைகள் நிமிர்ந்தன. கமிட்டிக்காரர் பாட்டுப் புஸ்தகத்தை மூடிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி வரி வந்தது. மூன்று குரலும் நின்றன. ஹெப்சிபா தனியாக இறங்கினாள், ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல். எஃப்புக்கு வந்தாள். அது சுத்தமாக விழுந்து, சர்ச் முழுக்கப் பரவி நின்றது. அவளுடைய ஜெயம் அது, அப்பாவினுடையதும்தான். ஆமென் பாடச் சைகை காட்டவேண்டிய அருமைநாயகத்தின் கை, மேலே போனது இறங்கவில்லை.

ராஜபாய் முன்னால் குனிந்து பெட்டியின் மூடிமேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அடியில் பலகை அந்த எஃப்புக்கு மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. அவள் தங்கபாயின் கையைப் பிடித்து இழுத்து, தன் கைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

ஹெப்சிபா விரலை எடுக்காமல் இருந்தாள்.