விட்டு விட்டு விழுந்த கோடு

எங்கள் பிரிவில் ஒரு பிரிண்டர் இருந்தது. எந்தக் கோட்டையும் விட்டு விட்டுத்தான் அடிக்கும். 'ஓட்டைவாய்' என்று பெயர் வைத்திருந்தோம். அந்தச் சனியனை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

அரசாங்கக் கம்ப்யூட்டர்களுக்குள் எவனாவது நுழைகிறானா என்று பார்ப்பது எங்கள் வேலை. பார்க்கலாம், கை வைக்க முடியாது. உள்துறை, பாதுகாப்பு, தகவல் தொழில்நுட்பம் என்று ஆளாளுக்கு நாட்டாமை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம், இங்கே திருடனுக்கு. அதனால் இரண்டு வருடம் மண்டையை உடைத்து ஒரு திட்டம் எழுதினேன். நாட்டுக்கே ஒரு சைபர் பாதுகாப்புத் தலைவர். அவரிடமிருந்து எல்லாத் துறைகளுக்கும் நேர்கோடு. எங்கள் வரைபடங்களில் நேர்கோடு என்றால் உத்தரவு. இணைப்பைப் பிடுங்கு என்றால் பிடுங்கியே ஆகவேண்டும். புள்ளிக்கோடு என்றால் வெறும் ஆலோசனை. தலைவரின் அதிகாரங்களைத் திட்டத்தில் விவரிக்காமல், 'பின்னிணைப்பிலுள்ள வரைபடத்தின்படி' என்று ஒரே வரியில் முடித்ததும் என் புத்திசாலித்தனம்தான்.

கூட எழுதியவன் தம்பி. கூடப் பிறந்தவன் இல்லை. பன்னிரண்டு வருடம் என் கீழ் வேலை பார்த்தவன். என் கணவர்கூட அவனை 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். எனக்குப் பெரிய மனிதர்களிடம் பல்லிளிக்க வராது என்பதால், மேலிடத்துக் கூட்டங்களுக்குக் கோப்போடு அவன்தான் போவான்.

கடைசி நாள் வரைபடத்தைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தான். கோடெல்லாம் துண்டு துண்டாக இருந்தது.

"இந்த ஓட்டைவாய்க்கு எப்பதான்டா புத்தி வரும்?"

"அது எங்கக்கா திருந்தப்போகுது!" என்று அவனும் சிரித்தான்.

போட்டேன் கையெழுத்து.

தலைவர் பதவி அவனுக்கே வந்தது. பொறாமையா? சத்தியமாக இல்லை. முதலில் கை தட்டியவள் நான்தான்.

நாலு மாதம் கழித்து ஒரு காலை, பத்தரை மணி. அரசு ஆஸ்பத்திரிகளை இணைக்கும் நெட்வொர்க்குக்குள் எவனோ புகுந்துவிட்டான். மொத்தம் நாற்பத்தோரு ஆஸ்பத்திரி. மூன்றில் கோப்புகளைப் பூட்டிவிட்டு நான்காவதுக்குத் தாவிக்கொண்டிருந்தான். ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவர்களின் ரத்தப் பரிசோதனை முடிவுகூடத் திறக்கவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

"உடனே ஆர்டர் போடு. மிச்ச ஆஸ்பத்திரியெல்லாம் பிடுங்கச் சொல்லு."

"அக்கா, எனக்கு அந்தப் பவர் இல்லையே. சுகாதாரத் துறைக்கு ஆலோசனை எழுதுறேன்."

"என்னடா உளறுற? நேர்கோடுடா!"

"புள்ளிக்கோடுக்கா. நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

"மாத்தினியா?"

"நேர்கோடுன்னா மூணு துறையும் ஒத்துக்கலக்கா. அந்த நாற்காலியே வந்திருக்காது."

"யாருக்குடா வந்திருக்காது?"

போனை வைத்துவிட்டான். அவன் ஆலோசனை சுகாதாரத் துறையில் மேசை மேசையாக ஏறி இறங்கியது. இணைப்பைப் பிடுங்கும்போது மணி நாலு. அதற்குள் இருபத்தொன்பது ஆஸ்பத்திரி போய்விட்டது.

மறுவாரம் ஒரு கடிதம் வந்தது. வரைபடத்தைத் தயாரித்து ஒப்பமிட்டவர் என்ற முறையில், தலைவருக்கு உத்தரவிடும் அதிகாரம் வைக்காதது ஏன் என்று நான் விளக்கம் தரவேண்டுமாம். கீழே அவன் கையெழுத்து. வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இது பாய்ந்துவிட்டு விளக்கமும் கேட்டது.

அப்போதும் பாழாய்ப்போன மனசு அவனுக்காக வாதாடியது. மேலிடத்தில் மிரட்டியிருப்பார்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வந்திருக்காது, நானாகப் பார்த்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பான். பாழும் மெஷின்தான் என் கண்ணை மறைத்துவிட்டது.

விளக்கத்தை எழுதி அச்சுக்குக் கொடுத்தேன். கடிதத்தோடு சேர்க்க என் பழைய வரைபடத்தையும் கொடுத்தேன். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஓட்டைவாயில் நான் அச்சடிக்கும் முதல் வரைபடம் அதுதான். வந்த தாளைப் பார்த்தால் நேர்கோடு நேர்கோடாகவே விழுந்திருந்தது, ஒரு இடைவெளி இல்லாமல்.

"ஓட்டைவாயை எப்ப சரி பண்ணீங்க?" என்று டைப்பிஸ்ட் அம்மாவைக் கேட்டேன்.

"அது ஆச்சு மேடம், அஞ்சு மாசம். நீங்க அந்த வரைபடத்துல கையெழுத்துப் போட்டீங்களே, அதுக்கு மொத நாள். கோடெல்லாம் சுத்தமா விழணும்னு தம்பி சார்தான் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்தாரு. உங்ககிட்ட சொல்லலையா?"