சோதித்தவர்: இன்னார்

கணினியின் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் முதல் வெளிச்சம் விழுவதற்கும் நடுவே ஒரு நிரல் ஓடி முடிகிறது. ஃபெர்ம்வேர் என்பார்கள். அது ஒழுங்காக ஓடினால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓடாவிட்டால் கணினி வெறும் தகரம். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம் என்று திறந்து வைத்திருந்த ஃபெர்ம்வேர் ஒன்றில், பிராசசரைத் தூங்க வைத்து எழுப்புகிற நிரல்கள் உள்ள ஃபோல்டர் அவன் பொறுப்பில் இருந்தது. சம்பளம் கிடையாது. சோற்றுக்கு லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதினான். மானத்துக்கு இந்த ஃபோல்டர்.

கூட இருந்த அக்கா அவனுக்கு வைத்திருந்த பெயர் தாலாட்டு. "ஊர் மிஷினையெல்லாம் தூங்க வைப்பான், வீட்டுல ஒருத்தரையும் நிம்மதியா இருக்க விடமாட்டான்" என்பாள். அவள் பாடநூல் பதிப்பகம் ஒன்றுக்கு மெய்ப்புத் திருத்துபவள். ஆக அந்த வீட்டில் இருந்த இருவருக்கும் பிறத்தியார் பிழையைப் பிடிப்பதுதான் வேலை. சாப்பாட்டு மேஜையில் பல நாள் பேச்சே இருக்காது. இருவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பிராசசரின் தூக்கத்தில் படிகள் உண்டு. முதலில் கண்ணயரும். அப்புறம் அசந்துபோகும். கடைசிப் படியில் கட்டையாகக் கிடக்கும்; மின்சாரம் அநேகமாக நின்றே போயிருக்கும். அந்த நிலையிலிருந்து எழுப்பும்போது மின்னழுத்தம் ஏறுவதற்குக் கொஞ்சம் அவகாசம் தர வேண்டும். எவ்வளவு என்பது தாலாட்டின் ஃபோல்டரில் ஓர் எண்ணாக இருந்தது. அவசரப்பட்டு எழுப்பினால் பிராசசர் பாதி உயிரோடு எழுந்து, அங்கேயே விழுந்துவிடும்.

இந்த எண்ணையும் இதைப் போன்ற பல நூறு எண்களையும் மாற்றச் சொல்லித் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வரியை மாற்றிவிட்டு ஒரு பக்கம் விளக்கம் எழுதுவார்கள். ஒரு பக்கத்தை மாற்றிவிட்டு 'சிறு சீரமைப்பு' என்று ஒரு வரியில் முடிப்பார்கள். ஒருவன் வேறு யாரோ வேறு மின்சுற்றுப் பலகைக்கு எழுதிய அட்டவணையைப் பெயர்கூட மாற்றாமல் நகலெடுத்து அனுப்பியிருந்தான். 'பழைய கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை பெயரை மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், பெண்ணாவது சம்மதித்தாளா?' என்று தாலாட்டு பதில் போட்டான். அந்த ஆள் மறுபடி தலைகாட்டவில்லை. இது அவன் நல்ல மனநிலையில் இருந்தபோது. மற்றபடி அவனுடைய ஆயுதம் மௌனம். பிடிக்காத திருத்தத்துக்குப் பதிலே போட மாட்டான். அனுப்பியவர் நினைவூட்டுவார், கெஞ்சுவார், சலித்துப்போய் வேறு வேலை பார்ப்பார்.

ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் 'சோதித்தவர்: இன்னார்' என்று ஒரு வரி வரும். அது பத்திரம் மாதிரி. அந்த வரியை நம்பித்தான் மற்றவர்கள் ஏற்பார்கள். நிறுவனங்களில் இருப்பவர்கள் அதைத் தபால் ஆபீஸ் முத்திரை போலக் குத்தித் தள்ளினார்கள். தாலாட்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன். தன் மேஜையில் ஓட்டிப் பார்க்காமல் தன் பெயரைப் போட்டதே இல்லை.

சிப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் குழுத்தலைவர் மீது அவனுக்குத் தனி இளக்காரம் இருந்தது. அந்த மனிதரின் கடிதம் எல்லாமே 'முன்கூட்டியே நன்றி' என்று முடியும். முன்நன்றி என்றே அவன் பெயர் வைத்துவிட்டான். கொடுக்காத கடனுக்கு ரசீது கேட்கிற ஜாதி என்று அக்காவிடம் சொன்னான். அந்த முன்நன்றிதான் எழுப்பும் அவகாசத்தைக் குறைத்து ஒரு திருத்தம் அனுப்பினார். மூடியைத் திறந்ததும் மடிக்கணினி இன்னும் வேகமாக விழிக்குமாம். அடியில் அவர் ஆட்கள் ஐந்து பேர் வரிசையாகச் சோதித்திருந்தார்கள். தாலாட்டு தன் மேஜையில் நாள் முழுக்கத் தூங்க வைத்து எழுப்பினான். ஒரு குறையும் அகப்படவில்லை. 'கணக்கு சரியாக இருப்பது ஆச்சரியம்தான்' என்று எழுதி, ஆறாவதாகத் தன் பெயரையும் போட்டு ஏற்றுக்கொண்டான்.

முன்நன்றி அதற்கு நன்றி சொன்ன கையோடு இன்னொன்றும் செய்தார். அந்த ஃபோல்டரைத் தங்கள் குழுவிடம் ஒப்படைக்கலாமே என்று ஃபெர்ம்வேரை நடத்தும் குழுவுக்கு விண்ணப்பம் போட்டார். ஒரே ஆள், பதில் தாமதம், பலருக்குப் பதிலே வருவதில்லை. எல்லாம் மரியாதையாக எழுதியிருந்தது. அதுதான் தாலாட்டுக்கு அதிகம் உறைத்தது. ஃபெர்ம்வேரின் அடுத்த வெளியீட்டுக்கு முன்பாகக் கூட்டத்தில் முடிவு செய்வதாகக் குழுவின் செயலாளர் அம்மா அறிவித்தார்.

"குடுத்துட்டுப் போயேன்டா," என்றாள் அக்கா. "ஆட்டத்துல இருந்து கழண்டுக்கலாம்ல."

"யார்கிட்ட குடுக்கறது? நுனிப்புல் மேயறவன்கிட்டயா?"

"நீ அடிப்புல் வரைக்கும் மேஞ்சு என்னத்த கண்ட?"

 அந்த ஃபோல்டரை எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது லிஃப்ட். ஏறும், இறங்கும். அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

அந்த வாரத்தில்தான் அக்காவின் மடிக்கணினி படுத்தது. அதில் ஓடியதும் அவனுடைய ஃபெர்ம்வேர்தான்; புதிதாக வந்ததெல்லாம் முதலில் அவள் தலையில்தான் விடியும்.

"டேய் தாலாட்டு, இது செத்துப்போச்சு."

"என்ன பண்ணின?"

"மூடினேன். யாரோ கதவைத் தட்டினாங்க, பார்த்துட்டு வந்து தொறந்தா கறுப்பா இருக்கு."

"பொத்தானை அழுத்தினியா?"

"இல்ல, கெஞ்சிப் பார்த்தேன்."

"நீ மூடற லட்சணம் தெரியாதா எனக்கு. நடுவுல பென்சில் இருந்திருக்கும்."

"மூணாம் பாடம் முழுக்கப் போச்சுடா. ஒற்று ஒண்ணொண்ணா பார்த்துப் போட்டிருந்தேன்."

"சேவ் பண்ணிட்டுல்ல மூடணும்."

"நீ ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உயில் எழுதி வெச்சுட்டா படுக்கற?"

அவன் மடிக்கணினியைத் தன் அறைக்கு எடுத்துப் போனான். அவன் மேஜை சன்னலை ஒட்டி இருந்தது. அதில் எப்போதும் ஒரு கறுப்பு கேபிள் கிடக்கும். அதை மடிக்கணினியில் மாட்டினால், பிராசசர் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது பக்கத்துத் திரையில் வரி வரியாக ஓடும். மாட்டினான். மூடினான், திறந்தான். விழித்தது. மறுபடியும் மூடித் திறந்தான். மறுபடியும் விழித்தது.

"பார், சிப்பாய் மாதிரி எழுந்திரிக்குது."

"உன்னைக் கண்டா அதுக்கு பயம்," என்று அக்கா அதை வாங்கிக்கொண்டு போனாள்.

இதே கதை இன்னும் இரண்டு தடவை நடந்தது. அவள் கையில் சாகும், அவன் மேஜையில் பிழைக்கும். இதற்கிடையே முகம் தெரியாத ஒருவர், தன் கணினியை மூடினால் எழுவதில்லை என்று புகார் எழுதியிருந்தார். எழுத்துப்பிழை மலிந்த கடிதம். 'இங்கே எழுகிறது' என்று இரண்டு சொல்லில் பதில் போட்டு, தாலாட்டு அந்தப் புகாரை மூடினான். பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியாதவனுக்கெல்லாம் ஃபெர்ம்வேர் ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டான்.

கூட்டம் சாயங்காலம். அன்று முற்பகலில் அக்கா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள். அஞ்சாம் பாடமும் போய், மடிக்கணினி மறுபடி அவன் அறைக்கு வந்திருந்தது.

"இங்க வந்து என் கண் முன்னால மூடிக் காட்டு. உன் ரூம்ல என்ன வித்தை பண்றியோ யாருக்குத் தெரியும்."

வழக்கம்போல மடிக்கணினியை மேஜையில் வைத்துக் கேபிளை மாட்டியிருந்தவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மாட்டிய கையாலேயே கேபிளைப் பிடுங்கினான்; அது சமையலறை வரை எட்டாது. கொண்டுபோய் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பென்சிலோ காகிதமோ இல்லை என்று அவளுக்குக் காட்டி, மூடினான். அக்கா டீயை இரண்டு தம்ளரில் ஊற்றினாள். அவன் திறந்தான்.

கறுப்பு.

பொத்தானை அழுத்தினான். அழுத்திப் பிடித்தான்.

"மூடறதுக்கு உனக்கும் தெரியல போல," என்றாள் அக்கா.

அவன் திறந்திருந்த கதவு வழியாகத் தன் மேஜையைப் பார்த்தான். கேபிளின் நுனி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேபிள் மாட்டியிருக்கும்வரை பிராசசர் அதனோடு பேசுவதற்காக ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கும். அசந்துபோவதோடு நிறுத்திக்கொள்ளும், கடைசிப் படிக்கு இறங்கவே இறங்காது. தூக்க நிரல் எழுதுகிற எல்லாருக்கும் இது பாலபாடம். கையேட்டில் இருக்கிறது. கேட்டவர்களுக்கு 'கையேட்டைப் படிக்கும் பழக்கம் உண்டா?' என்று அவனே எத்தனையோ முறை எழுதியிருக்கிறான். கேபிளை மாட்டி வைத்துக்கொண்டு தூக்கத்தைச் சோதிப்பது, ஒருவன் விலாவில் விரலை அழுத்திக்கொண்டே இவன் எப்படித் தூங்குகிறான் என்று குறிப்பெடுப்பதற்குச் சமம்.

முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். முன்நன்றியின் சோதனைக்கூடத்தில் வரிசையாகப் பலகைகள் இருக்கும், வரிசையாகக் கேபிள்கள் தொங்கும், ஐந்து பேர் ஐந்து விரலை வைத்து அழுத்தியிருப்பார்கள். குறைத்த அவகாசம் அக்காவுடையதைப் போன்ற பழைய பிராசசர்களுக்குப் போதாது என்பது ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. அகப்பட்டான் என்று நினைத்தபடியே டீயை எடுத்தான். ஆறாவது பெயர் அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது. டீ தம்ளரிலேயே ஆறியது.

"என்னடா, முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல."

"கண்டுபிடிச்சிட்டியா இல்லையா?"

"கண்டுபிடிச்சேன்."

"யார் தப்பு?"

"அவங்க தப்புதான்," என்றான். அது பொய்யும் இல்லை.

அறைக்குப் போய்க் கூட்டத்தில் படிப்பதற்கு ஒரு பத்தி எழுதினான். நன்றாக வந்தது. 'தூங்குகிறவனைத் தட்டிக்கொண்டே தாலாட்டுப் பாடும் நிறுவனத்திடம் தூக்கத்தின் பொறுப்பை ஒப்படைப்பதா என்பதைக் குழு யோசிக்கட்டும்' என்று முடித்திருந்தான். ஐந்து பேரை முட்டாள் என்று உரக்கச் சொன்னால் ஆறாவது ஆளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவன் கணக்கு. வெளியீடும் பிழைக்கும், ஃபோல்டரும் கைவிட்டுப் போகாது.

இணையத்தில் நடந்த கூட்டத்தில் யார் முகமும் தெரியவில்லை, குரல்தான். செயலாளர் அம்மா பேசச் சொன்னார். அவன் படித்தான். யாரோ மெல்லச் சிரித்தது கேட்டது. முன்நன்றி வாதாடுவார் என்று அடுத்த அம்பையும் தயாராக வைத்திருந்தான்.

"சார் சொல்றது சரி," என்றார் முன்நன்றி. எதிர்பார்த்ததைவிட வயசான குரல். "எங்க லேப்ல கேபிளை யாரும் கழட்டறதே கிடையாது. கழட்டினா எது எந்த போர்டுன்னு குழம்பிடும்னு விட்டுட்டோம். தப்பு எங்களோடதுதான். மாத்தினதை இன்னைக்கே திரும்ப எடுத்துடலாம்."

"நல்லது," என்றார் செயலாளர் அம்மா.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சார் மேஜையில எப்படி பாஸ் ஆச்சு? அங்க வேற முறை ஏதாவது இருந்தா நாங்களும் எடுத்துக்கலாமேன்னுதான்."

குத்தலா, நிஜமாகவே கேட்கிறாரா என்று தாலாட்டுக்குப் பிடிபடவில்லை. மௌனமாக இருந்தான். கடிதங்களில் வாரக்கணக்கில் நீடித்த அந்த மௌனம் இங்கே மூச்சு விடுகிற நேரத்துக்குள் கனத்துவிட்டது.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் செயலாளர் அம்மா.

ஒரு பொய் நாக்கு நுனியில் இருந்தது. என் பலகை வேறு வகை, அதனால் தாங்கிக்கொண்டது. யாரும் வந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் சொன்னது குறிப்பில் ஏறும். ஏறினால் அந்த 'வேறு வகை'யை ஒருவன் நம்புவான். அதற்கென்று தனி அட்டவணை எழுதுவான். அதை ஐந்து பேர் சோதிப்பார்கள். ஆறாவதாக அது தாலாட்டின் மேஜைக்கே வரும். இல்லாத ஒரு பலகைக்காக எழுதிய எண்களை அவன் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியிருக்கும். அந்த முட்டாளை இப்போதே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கேபிள் மாட்டியிருந்துச்சு," என்றான்.

"உங்களுக்குமா?"

"எனக்கும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

செயலாளர் அம்மா அதிகம் வளர்த்தவில்லை. "ரெண்டு பேரும் மாட்டின கேபிளை ரெண்டு பேரும் சேர்ந்தே கழட்டுங்க. ஃபோல்டர்ல இனிமே ரெண்டு பேர். வேற யாருக்காவது பேச்சு இருக்கா?" யாருக்கும் இல்லை. முழுசாகப் பறித்திருந்தால் அவன் ஒரு நல்ல விலகல் கடிதம் எழுதியிருப்பான். வாசகம்கூட மனசில் ஓரளவு கூடி வந்திருந்தது. பங்கு போட்டுக் கொடுத்தால் என்ன எழுதுவது?

"என்ன ஆச்சு?" என்றாள் அக்கா.

"பாதி இருக்கு."

"எந்தப் பாதி?"

"வேலை செய்யற பாதி."

மறுநாள் முன்நன்றியின் திருத்தம் வந்தது. பழைய அவகாசம் பழையபடியே. கூடவே ஒரு விதி: இனிமேல் 'சோதித்தவர்' வரியில் பெயரோடு, கேபிளைக் கழற்றியிருந்தாரா என்பதையும் எழுத வேண்டும். தாலாட்டு அதை வரிக்கு வரி படித்தான். எங்காவது ஓட்டை இருக்கும் என்று மத்தியானம்வரை தேடினான். ஓர் இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தது. சுட்டிக்காட்டினான். முணுமுணுப்பு இல்லாமல் புள்ளி வந்து சேர்ந்தது.

அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லாததால் அக்காவின் மடிக்கணினியைக் கேட்டு வாங்கி, புதிய ஃபெர்ம்வேரை ஏற்றி, மேஜையில் வைத்தான். கேபிளை மாட்டவில்லை. பக்கத்துத் திரையில் வரிகள் ஓடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல எதுவும் இல்லை. மூடிய மடிக்கணினி வெறும் பெட்டியாக இருந்தது. தூங்குகிறதா செத்துவிட்டதா என்பது திறந்தால்தான் தெரியும்.

"இன்னும் எவ்வளவு நேரம்டா? எனக்கு ஆறாம் பாடம் கெடக்கு," என்று அக்கா வாசற்படியில் நின்றாள்.

"கட்டையா கிடக்கற வரைக்கும்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவள் போகவில்லை, கதவில் சாய்ந்து நின்றாள். இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கே போதும் என்று தோன்றியபோது திறந்தான். விட்ட இடத்தில், விட்ட எழுத்தின் பக்கத்தில், கோடு துடித்தது. இன்னும் சில தடவை அதே மாதிரி பார்த்த பிறகுதான் அவளிடம் கொடுத்தான்.

பிறகு திருத்தத்தின் அடியில் தன் பெயரை எழுதி, 'கேபிள் இல்லாமல்' என்று சேர்த்தான். சேமித்ததும் வரிசை தானாக அமைந்தது. அகர வரிசைப்படி முன்நன்றியின் நிஜப் பெயர் மேலே வந்தது, அவனுடையது கீழே. அதில் ஆட்சேபிக்க ஏதாவது இருக்கிறதா என்று தாலாட்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.