எரியுதாண்ணே?

சாவு வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் தேடுகிறவளை ஊர் என்ன சொல்லுமோ, அனிட்டா தேடிக்கொண்டுதான் இருந்தாள். கூடத்தில் அண்ணன் ரெஜின் பெட்டிக்குள் கிடந்தான், ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்த உடம்பாக. மாதா கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்ததும் மூடிவிடுவார்கள். அதற்குள் அவனுடைய வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்கை லைட் போட்டு அவன் கையில் வைக்க வேண்டும் என்று அம்மா அமலி சொல்லிவிட்டாள். ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரியவில்லை. பேட்டரி மாற்றியும் எரியவில்லை.

நேற்றுக் காலை அம்மாதான் அவனைத் தீப்பெட்டி வாங்க அனுப்பினாள். வீட்டுக்கு எதிரே வாய்க்கால், அதன்மேல் கைப்பிடி இல்லாத சிமெண்ட் பலகை. மேட்டூர்த் தண்ணீர் வந்து மூன்று நாளாகியிருந்தது. பலகையிலிருந்து தவறியவன் தலை கல்லில் மோதியது. அப்புறம் இடுப்பளவுத் தண்ணீரே போதுமானதாக இருந்தது. முப்பத்தெட்டு வயது. இருபதிலிருந்தே சர்க்கரை, அது கண்ணில் இறங்கி இரண்டு வருஷம்.

கண் தெரியாத பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று வலங்கைமான் பெரியம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள். காலையிலிருந்து அம்மா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா தெரியாதுன்னு? லைட்டு கலரெல்லாம் சொல்லுவான். பாப்பாவக் கேளுங்க."

பாப்பாவான அனிட்டா ஆமாம் என்று தலையாட்டினாள். நம்பித்தான் ஆட்டினாள். பாபநாசத்தில் செல்போன் சர்வீஸ் கடை வேலை போக, பழைய வீடியோ கேம் ஜாய்ஸ்டிக்கையும் கேசட்டையும் பிரித்து, உள்ளே எல்இடி பதித்துத் தருவாள். சென்னை, பெங்களூரிலிருந்து ஆர்டர் வரும். ரெஜின் அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்பான். டெஸ்டிங் டிபார்ட்மெண்ட் என்று தனக்கே பட்டம் சூட்டிக்கொண்டவன். அவள் மேசையை விட்டுத் திரும்பாமலே "எரியுதாண்ணே?" என்பாள். முதல் பட்டன் சிவப்பு என்பான். அடுத்தது பச்சை, பிறகு நீலம். அவள் எப்போதும் அந்த வரிசையில்தான் சால்டர் வைப்பாள். கை பழகிப்போன வரிசை.

போன மாதம் இரண்டு பார்சல் லைட் எரியவில்லை என்று திரும்பி வந்தன. கூரியர்காரனைப் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தாள்.

கண் மோசமானால் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவனிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"மோசமானா நானே சொல்ல மாட்டேனா? நீ மொதல்ல ஓலையப் படிக்கச் சொல்லு" என்றான் அவன். கோயிலில் இரண்டு ஞாயிறு அவள் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது வாசிப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை.

ஸ்க்ரூ டிரைவர் கட்டிலுக்கடியில் கிடைத்தது. ஜாய்ஸ்டிக்கைத் திருப்பித் திருகாணிகளைக் கழற்றினாள். தவக்காலத்தில் அவனுக்கென்றே செய்து கொடுத்தது. பட்டன்கள் பளிச்சென்று தெரியட்டும் என்று இதில் மட்டும் எல்லா எல்இடியும் சிவப்பு. உள்ளே எறும்பு மண் கட்டியிருந்தது. ஒயர்கள் அறுந்து, சால்டர் வைத்த இடமெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒரு நாளில் ஏறுகிற களிம்பு இல்லை. நேற்றுக் காலை, தீப்பெட்டி வாங்கக் கிளம்புமுன்கூட, இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு எரியுது, சிவப்பு என்றான்.

ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். பாவி, பார்க்கவில்லை.

சால்டரிங் அயர்னைச் சூடாக்க நேரமில்லை. வாசலில் சாமியார் வந்துவிட்டார் என்று குரல் கேட்டது. அப்படியே மூடித் திருகி எடுத்துக்கொண்டு போனாள். மந்திரிப்பு முடியும்வரை அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, ஜெபமாலை சுற்றிய அவன் விரல்களுக்கடியில் ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்து வைத்தாள்.

தலைமாட்டில் அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எரியுதா பாப்பா?" என்றாள் அம்மா.

"எரியுதும்மா. சிவப்பு."

அம்மா பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மூடியைத் தூக்கி வந்தவர்கள் விலகச் சொல்லும்வரை அனிட்டா ஜாய்ஸ்டிக்கின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.